கட்டுமரமும் கடல்மீன் எருவும்

மேல்விஷாரத்தைச் சார்ந்த கிராமங்களில் மீன் எருவைப்பற்றி நான் பேச்செடுக்கும் போதெல்லாம், "கடல் எங்கே, நாம் எங்கே?" என்று வினவாத குடியானவர் இல்லை. வினா நியாயமானதே. கடற்கரை நமக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. ஆயினும் நம் ஊரையொட்டிச் செல்லும் பாலாறு, சதுரங்கப்பட்டினத்திற்குத் தெற்கே வயலூர் அருகில் சமுத்திரத்திற் கலக்கின்றது. நம் கீழைக்கரை நெடுகிலும் கட்டுமரமேறி மீன் பிடிப்போர் இன்றும் உளர். அத்தொழில் நடைபெறும் விதத்தை அறிந்தாலன்றி, கரையிலிருந்து வரும் மீன் எருக்களுள் எது நம் நிலத்துக்கு ஏற்றது, எது கேடு செய்வது என்பது விளங்காது. நான் இதனை நஷ்டப்பட்டே கற்றேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

கட்டுமரம் என்பது பெயருக்கேற்பக் கட்டப்பட்ட மரமே. இலேசான மரத்துண்டுகள் மூன்று முதல் ஏழு வரையில் செதுக்கி அணைத்து, இரு முனைகளிலும் கயிற்றால் இறுகப் பிணைக்கின்றனர். ஆணி கிடையாது. நாம் வெற்றிலைக் கொடிக்காலில் கொழுகொம்பாக நடும் கல்யாண முருங்கை இதற்கு உதவிய மரங்களுள் ஒன்று. மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடுமாதலால், தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மணலில் உலர்த்துவர். பாத்திரம் போன்ற குழிவு இல்லாமையால் அலை ஏறினாலும் நீர் தங்குவதில்லை. துண்டுகளின் இடுக்கு வழியே ஒழுகிவிடும். ஆதலின் கவிழ்தல் உண்டு, மூழ்குதல் இல்லை. ஆங்கிலேயர் இப்பெயரைத் தங்கள் பாஷையில் எடுத்துக்கொண்டு இக்காலத்தில் இரட்டை உடலுள்ள படகுகளுக்கு வழங்குவது ஒரு வேடிக்கை.

தோல் வியாபாரம் அறிந்த நம் வாசகர்களுக்கு ஒரு விஷயம் ருசிகரமாயிருக்கும். வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய தேசங்களில் ஒற்றை ஆள் ஏறிச் செல்லும் கயாக் என்னும் ஓடம், மரத்தாலோ எலும்பாலோ ஆன சட்டத்தின்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்துச் செய்யப்பட்டது. மேற்புறமும் தோலே; ஆள் அமரும் துவாரம் மட்டும் திறந்திருக்கும். குளிர்ந்த நீர் உட்புகாமல் தடுப்பதே அதன் நோக்கம். நம் நாட்டுப் பரிசலும் மூங்கிற் கூடையின்மேல் தோல் போர்த்ததாகவே முன்பு இருந்தது. கட்டுமரமோ இவற்றிற்கு நேர்மாறாக, நீரைத் தடுக்காமல் ஏற்று வெளிவிடுகின்றது. தற்காலத்தில் தூண்டில் விளையாட்டுக்காக மேனாடுகளில் பிளாஸ்டிக்கினால் வார்க்கும் கயாக்குகளுள் ஒருவகையில், மேலே அமர்ந்து செல்வதற்கும், ஏறிய நீர் துவாரங்களின் வழியே வடிவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. நம் செம்படவரின் யுக்தி அங்கே இவ்வாறு காணப்படுகிறது என்று சொல்லலாம்.

முற்காலத்தில் பருத்தி நூல் வலையும் பாய்த்துணியும் உப்புநீரில் உளுத்துப் போகாதவாறு மரப்பட்டைக் கஷாயத்தில் தோய்த்து வந்தனர். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டை தோலைக் கெடாமல் காத்ததும், அங்கே பட்டைச்சாறு வலையைக் காத்ததும் ஒரே துவர்ப்புச் சத்தின் குணமாகும். நைலான் வலை வந்தபின் அவ்வழக்கம் அருகிவிட்டது.

இனித் தொழில் நடக்கும் முறை. நம் கரை பெரும்பாலும் மணற்கரை. இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையருகில் அலை மடிந்து உடையும் இடத்தைக் கடப்பதே பெரும் பிரயாசை. மனிதர்கள் நீரில் நின்றபடி அலைகளைக் கவனித்து, பெரிய அலைகள் கழிந்து சற்று ஓய்வு ஏற்படுகையில் மரத்தைத் தள்ளித் தாவி ஏறித் துடுப்பு வலிக்கின்றனர். ஒரு கணம் தவறினால் மரம் புரண்டு மேலே விழும். சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதங்களைக் கொண்டு சேர்த்தவர்கள் இக்கட்டுமரக்காரரே.

இரவில் நிலம் விரைவிற் குளிர்வதால் பின்னிரவில் கரையினின்று கடல்நோக்கிக் காற்று வீசும். அதில் பாய் விரித்து விடியுமுன் செல்வர். பகலில் நிலம் காய்ந்தபின் கடலிலிருந்து கரைநோக்கிக் காற்று திரும்பும், அதில் மீள்வர். நாம் களத்தில் நெல் தூற்றக் காற்றை எதிர்பார்ப்பதுபோல, அவர்களும் தினந்தோறும் இரு காற்றுகளை எதிர்பார்க்கின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் வாடை மிகுந்து புயல் தோன்றுங்கால் பல நாள் மரம் கரையிலேயே கிடக்கும். ஆழத்தைப் பாகம் என்னும் அளவால் கூறுவர். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. கவலை மீனுக்குக் கவலை வலை. வஞ்சிரம், பாறை போன்றவற்றிற்குத் தூண்டில்.

கடலில் மீன் தங்கும் பாறையை மறுநாள் எவ்வாறு கண்டுபிடிப்பது? கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் கேட்டு மகிழ்வார்கள். கரையிலுள்ள ஒரு கோபுரமும் அதன் பின்னுள்ள குன்றும் ஒரே நேர்க்கோட்டில் தோன்றும்படி வருவர். வேறு திசையில் ஒரு பனையும் கலங்கரை விளக்கமும் அவ்வாறே பொருந்தும் இடம் வரையில் செல்வர். இவ்விரு கோடுகளும் வெட்டும் புள்ளியே பாறை. சங்கிலி பிடித்துப் புலக்கல்லை நிர்ணயிக்கும் நம் சர்வேக்கு இது சளைத்ததன்று. கல்லை யாரும் பிடுங்கி நகர்த்தவும் முடியாது.

கட்டுமரங்களின் தொகை குறைந்து வருகின்றது. பைபர் படகுகளும் இயந்திரமும் முன்னரே பரவி வந்தன. 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ந்தேதி சுனாமியில் மரங்கள் பல அழிந்தபின் அவற்றின் இடத்தில் பைபர் படகுகளே மிகுதியாய் வந்தன. எனினும் கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கையில், கட்டுமரம் முதலிய சிறு ஓடங்கள் கொணரும் மீனே புதுமீனாகச் சந்தைக்கு வருகின்றது.

இப்பொழுது எருவின் விஷயம். கட்டுமரக்காரர் அன்று சென்று அன்றே திரும்புவதால் மீனுக்கு உப்பிட வேண்டிய அவசியம் கடலில் ஏற்படுவதில்லை. நெத்திலி, காரப்பொடி போன்ற பொடிமீன் மிதமிஞ்சிக் கிடைத்து விலை போகாத நாளில் உப்பின்றியே மணலில் பரப்பிக் காயவைப்பர். இதுவே கோழித் தீவனத்துக்கும் எருவுக்கும் செல்லும் சரக்கு. கருவாட்டுக் கொட்டகையில் கழிக்கப்படும் சரக்கோ உப்பில் ஊறியது. இரண்டும் சாக்கில் கட்டி வந்தால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உப்புச் சரக்கு விலையும் மலிவு.

சில வருஷங்களுக்கு முன் ஒரு செயல்விளக்கத் துண்டுக்காக நான் மலிவைக் கருதி இரண்டாவது சரக்கை வாங்கினேன். நிலம் ஆற்றோரம். முதல் தண்ணீரிலேயே கத்தரி நாற்றின் இலை ஓரம் கருகியது. பத்து நாளில் பாதி பட்டுப்போயிற்று. நிலத்துக்காரர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தம் தந்தது. நம் பகுதியின் நிலை வேறு. பச்சைத் தோலைக் காக்க இட்ட உப்பு, பதனிடும் தொட்டிகளிலிருந்து கழிநீராய் வெகுகாலம் நிலத்திலும் கிணற்றிலும் இறங்கியுள்ளது. 1996-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு பாலாற்றுப் பிரதேசத் தோல் ஆலைகள் விஷயமாகத் தீர்ப்பளித்ததைப் பலர் அறிவர். மேல்விஷாரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடைபெறுகின்றது. எனினும் முன்பு இறங்கிய உப்பு ஒரே மழையில் போய்விடாது. இத்தகைய மண்ணில் உப்புக் கருவாட்டுக் கழிவை இடுவது புண்ணில் உப்பிடுவதேயாகும்.

உப்பிடாத மீன் எருவில் தழைச்சத்து 100-க்கு 4 முதல் 10 பங்கும், மணிச்சத்து 3 முதல் 9 பங்கும் உண்டு. சாம்பல் சத்து சொற்பமே. தொழுஎருவில் தழைச்சத்து அரைப் பங்கு எனக் கொண்டால், 5 பங்குள்ள மீன் எரு 100 கிலோ, தழைச்சத்தைப் பொறுத்தமட்டில் ஒரு டன் தொழுஎருவுக்குச் சமம். ஆனால் மண்ணைப் பொலபொலப்பாக்கும் குணம் தொழுஎருவுக்கே உரியது, அதை நிறுத்திவிடலாகாது.

வாங்குமுன் ஒரு பிடி தூளை மழைநீரில் கலக்கி வைக்கவும். மணலில் காய்ந்த சரக்காதலால் அடியில் மணல் தங்கும். அது மிகுந்தால் மணலுக்கு விலை கொடுக்கிறோம் என்று அறிக. தெளிந்த நீரை வடித்து ஒரு தட்டில் வெயிலில் வற்றவைத்தால், உப்புச் சரக்கில் வெண்மையான பூப்பு தடிப்பாகத் தெரியும். சந்தேகமிருப்பின் அவ்வடிநீரையும் வயல் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். மண்ணின் மின்கடத்துதிறன் 4 என்னும் அளவைத் தாண்டிய நிலத்துக்கு எரு வாங்குவதை நிறுத்திவைத்து, முதலில் வடிகாலைச் சீர்செய்து நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கழுவ வேண்டும். எருவைச் சுண்ணாம்புடனும் சாம்பலுடனும் கலத்தல் கூடாது; தழைச்சத்து ஆவியாய்ப் போய்விடும். இட்டவுடன் மண்ணால் மூடுக. இல்லையேல் நாயும் பன்றியும் ஒரே இரவில் பாத்தியைக் கிளறிவிடும்.