வைரஸ் அடங்கிடுச்சு… வலி ஏன் அடங்கல? எச்.ஐ.வி.யும் நரம்பு வலியும்

‘வைரல் லோடு’ ரிப்போர்ட்டில் வைரஸ் கண்டறியப்படவில்லை. தினமும் மாத்திரை போடுபவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ஆனால் இரவானால் பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. “ரிப்போர்ட்தான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன?” என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது?

இந்த வலி கற்பனை அல்ல. எச்.ஐ.வி. தொற்றே நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. 2004-ல் இந்தியாவில் இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கிய காலத்தில் தரப்பட்ட ஸ்டாவுடின் மாத்திரையும் அதைச் செய்தது. பலரின் உயிரைக் காப்பாற்றிய மருந்துதான், பின்னர் கைவிடப்பட்டது. அன்று ஏற்பட்ட பாதிப்பு சிலருக்கு இன்றும் வலிக்கிறது. சர்க்கரை நோய், பி12 குறைபாடு, காசநோய்க்கான ஐசோநியாசிட் மாத்திரை ஆகியவையும் காரணமாகலாம். எல்லாவற்றையும் எச்.ஐ.வி. கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

வலியால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மனம் சோரும். சோர்ந்த மனதுக்கு அதே வலி இன்னும் பெரிதாகத் தெரியும். “இதெல்லாம் சாப்பிட்டு என்ன ஆகப்போகுது” என்று ஏ.ஆர்.டி. மாத்திரையையே நிறுத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும்.

மறைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு

எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லாமல் வேறு டாக்டரிடம் வலிக்கு மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. பயம் புரிகிறது. ஆனால் சில நரம்பு வலிகளுக்குத் தரப்படும் கார்பமாசெபின், இப்போது பலர் எடுக்கும் டொலுடெக்ராவிர் மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, அசிடிட்டி சிரப் எல்லாம்கூட எப்போது சாப்பிடுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டியவை.

டொலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வையும் தரலாம். டாக்டரிடம் கேட்டு, இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே சிலருக்குத் தூக்கம் திரும்பிவிடும். டுலோக்சிடின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வு, நரம்பு வலி இரண்டுக்கும் பயன்படுபவை. எது யாருக்கு என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும். அதற்கு, ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது “நல்லா இருக்கேன்” என்று முடித்துவிடாமல் வலியையும் சொல்லணும்.

சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதையும், அதைக் காட்டி சிகிச்சை மறுப்பதையும் 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எச்.ஐ.வி. தொடர்பான சந்தேகங்களுக்கு 1097. மனசு தாங்காத நேரத்தில் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.