கொழுப்பு உருக்குதலும் தீட்டுக் கருத்தியலும்: வத்தேகமவை முன்வைத்து ஒரு நோக்கு

உற்பத்தியின் வரலாற்றை ஆராய்வோர் வயலையும் ஆலையையும் நோக்கிய அளவுக்கு அடுக்களையை நோக்கியவர்கள் அல்லர். பெரும்பாலும் பெண்களின் கைகளில் நடைபெறுவதாலும், சந்தைக்கு வராத பொருள்களை ஆக்குவதாலும், அடுக்களைத் தொழில்கள் பல எழுத்தில் பதியாமலே மறைந்துவருகின்றன. மாட்டுக்கொழுப்பை வீட்டில் உருக்கியெடுத்தல் அவற்றுள் ஒன்று. இதனைச் சூழ்ந்துள்ள மௌனத்துக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அது தீட்டு என்னும் கருத்தியலாகும்.

கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880இல் திறக்கப்பட்ட புகையிரதப் பாதையில் அமைந்த வத்தேகம, சுற்றியுள்ள சிங்களக் கிராமத்தவரும் தேயிலைத் தோட்டத் தமிழரும் முஸ்லிம் வணிகரும் சந்திக்கும் சிறு நகரம். நாட்டார் பாடல்களைச் சேகரிக்கும் பொருட்டு அப்பகுதித் தோட்டமொன்றின் லயத்துக்குச் சென்றிருந்தபோது, வயதான ஓர் அம்மா கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்ததைக் காண நேர்ந்தது. அடுப்புப் புகை மூச்சை அடைத்தது. ஆயினும் கதவும் சன்னலும் சாத்தப்பட்டிருந்தன. காரணம் கேட்டபோது, "வாசம் பக்கத்துக் காம்பராவுக்குப் போச்சுன்னா பேச்சாகிப் போகும், தம்பி" என்றார். ஒரு பயனுள்ள தொழிலைச் செய்பவர் ஏன் ஒளிந்து செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினா.

முதலில் தொழிலை நோக்குவோம். மாட்டின் சிறுநீரகங்களைச் சூழ்ந்துள்ள கொழுப்பே இதற்கு மிகவும் ஏற்றது. பிற பகுதிக் கொழுப்பைவிட அது இறுக்கமானது. ஒட்டியிருக்கும் இறைச்சித் துணுக்குகளையும் குருதியையும் நீக்கி, அதனைச் சிறு துண்டுகளாக நறுக்குவர். அடிகனத்த சட்டியில் சிறிதளவு நீர் விட்டு, துண்டுகளையிட்டு, மெல்லிய தீயில் வைப்பர். கொழுப்பு, இணைப்பிழையத்தால் சூழப்பட்ட நுண்ணறைகளில் அடைபட்டிருப்பது. வெப்பம் அவ்விழையத்தைச் சிதைக்க, உள்ளிருப்பது உருகி வெளிவருகிறது. தொடக்கத்தில் விடும் நீர் கொழுப்பைக் கருகவிடாது காக்கிறது. நீர் உள்ளவரை சட்டியின் வெப்பம் 100 பாகை செல்சியசை அதிகம் தாண்டுவதில்லை. சில மணி நேரத்தில் நீர் வற்றி, குமிழ்கள் அடங்கி, தெளிந்த பொன்னிறத் திரவமும் முறுகிய சக்கையும் எஞ்சுகின்றன.

அத்திரவத்தைத் துணியில் வடித்து ஆறவிட்டால், 40 பாகையை அண்மிக்கும்போது இறுகத் தொடங்கி வெண்கட்டியாகிவிடும். நாற்றம் குறைய வேண்டுமாயின், கட்டியை உப்பு நீருடன் மீண்டும் உருக்கி, ஆறியபின் அடியிற் படிந்த அழுக்கைச் சுரண்டி நீக்குவர். ஈரம் எஞ்சினால் விரைவில் கெடும். ஈரமற்றதை மூடிய பாத்திரத்தில் வெளிச்சம் படாது வைத்தால் பல மாதங்கள் இருக்கும். சூடேறிய கொழுப்பில் ஈரக் கரண்டி பட்டாலே தெறித்துச் சுடும். ஆதலின் அடுப்பை விட்டு அகலலாகாது. எழுதப்படாத இவ்வறிவு, பரிசோதனையாலும் பட்டறிவாலும் தலைமுறைகள் ஈட்டிய அறிவாகும்.

இக்கொழுப்பு பொரிக்கவும், விளக்கெரிக்கவும், தோலைப் பதப்படுத்தவும், சவர்க்காரம் செய்யவும் உலகின் பல பாகங்களிற் பயன்பட்டது. ஒரு கிலோ கொழுப்பைச் சவர்க்காரமாக்க ஏறத்தாழ 140 கிராம் எரிசோடா வேண்டும். கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரோலும் இணைந்த சேர்வை என்பதைத் தெளிவுபடுத்திய பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரல், தமது ஆய்வுகளை 1823இல் நூலாக வெளியிட்டார். அடுக்களையின் தொழில் இவ்வாறு ஆலையின் தொழிலாயிற்று. உற்பத்தியின் கழிவுகளை முதலாளித்துவம் மீண்டும் உற்பத்திக்குள் ஈர்த்துக்கொள்வதை மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஆராய்ந்துள்ளமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இனித் தீட்டுக்கு வருவோம். தமிழர் வாழ்வில் இவ்வருவருப்பு தொன்றுதொட்டு மாறாதிருந்தது எனல் பொருந்தாது. சங்கப் பாடல்களில் நிணம் மிக்க ஊன்சோறு மன்னரும் பாணரும் விரும்பியுண்ட உணவு. மழவர் ஆவைக் கொன்று உண்ட செய்தியை அகநானூறு தருகிறது. உழுதொழில் விரிந்து, கால்நடை நிலவுடைமையோடு பிணைந்து, சமண பௌத்த அறங்களும் பின்னர் சைவ வைணவ நெறிகளும் மேலோங்கிய நிலையிலேயே புலால் மறுப்பு உயர்வின் அடையாளமாயிற்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் தமது பாலபாடத்தில் புலாலுண்ணலைக் கண்டித்து, அதனைப் பாடசாலைப் பிள்ளைகளின் ஒழுக்கமாக்க முயன்றார்.

கொல்லாமை என்னும் அறத்தை எள்ளி நகையாடுதல் எமது நோக்கமன்று. ஓருயிரின் துன்பத்துக்கு இரங்குதல் மனிதப் பண்பேயாகும். ஆனால், இறந்த மாட்டை அகற்றியவனையும் அதன் தோலை உரித்தவனையும் கொழுப்பை உருக்கியவளையும் தீண்டத்தகாதோராக்கியது இரக்கமன்று. 1948இல் வெளிவந்த தீண்டத்தகாதோர் பற்றிய நூலில் அம்பேத்கர், மாட்டிறைச்சியைப் பிறர் கைவிட்ட பின்னும் உண்டமையே சிதறுண்ட மக்கள் ஒதுக்கப்பட்டமைக்கு மூலகாரணங்களுள் ஒன்று என வாதிட்டார். அவரது காலக்கணிப்பு விவாதத்துக்குரியதாகலாம். உணவுத் தடை உழைப்புப் பிரிவினையைக் காக்கும் வேலியாயிற்று என்னும் உண்மையை மறுத்தல் அரிது.

இத்தீட்டின் போலித்தன்மையைச் சந்தையே வெளிப்படுத்துகிறது. உலகச் சந்தையில் விற்கப்படும் சவர்க்காரங்கள் சிலவற்றின் உறைகளில் 'சோடியம் டாலோவேட்' என்னும் பெயரைக் காணலாம். அது கொழுப்பும் எரிசோடாவும் சேர்ந்து விளைந்ததே. அக்கொழுப்பு பெரும்பாலும் மாட்டினுடையது. 2016இல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட புதிய ஐந்து பவுண் தாளில் விலங்குக் கொழுப்பின் சுவடு உண்டென அவ்வங்கியே ஒப்புக்கொண்டபோது, மரக்கறி உணவினரும் இந்துக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆயினும் தாள் புழக்கத்தில் நீடித்தது. லயத்தின் அடுப்பில் தீட்டான பொருள் பண்டமாகவும் பணமாகவும் உருமாறும்போது தூய்மை பெற்றுவிடுகிறது. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைக்கிறது. உழைப்பு மறைந்தவுடன் தீட்டும் மறைந்துவிடுகிறது. எனவே தீட்டு கொழுப்பில் இல்லை. கண்ணெதிரே உழைக்கும் மனிதர்மீது சுமத்தப்பட்டிருக்கிறது.

கண்டிப் பிரதேசத்தில் இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 2013 மே மாதத்தில் மாடறுப்பை எதிர்த்துப் பௌத்த துறவி ஒருவர் தலதா மாளிகைக்கு அருகில் தீக்குளித்து உயிர்நீத்தார். 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உண்போருக்கு இறைச்சியை இறக்குமதி செய்து வழங்குவதும் அதே யோசனையில் அடங்கியிருந்தது. கொலை தவிர்க்கப்படவில்லை, கடலுக்கு அப்பால் தள்ளிவைக்கப்படவிருந்தது. இழப்போ உள்ளூர் இறைச்சிக்கடைக்காரருக்கும், பால் வற்றிய மாட்டை விற்கும் சிறு பண்ணையாளருக்கும், தோலையும் கொழுப்பையும் நம்பிய ஏழைகளுக்கும் உரியதாயிருக்கும். ஒரு சமூகத்தின் உணவு மற்றொரு சமூகத்தின் அரசியல் ஆயுதமாகும்போது, முதலில் அடிபடுவது உழைப்போர் வாழ்வே.

நாட்டார் வழக்காற்றைத் தொகுக்கும் நாம் தாலாட்டையும் ஒப்பாரியையும் ஆர்வத்துடன் பதிவுசெய்கிறோம். அவற்றைப் பாடிய அதே பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் தொழிலைப் பதிவுசெய்யத் தயங்குகிறோம். அத்தயக்கம் நம்முள் உறையும் சாதியின் குரல். நமது சொல்லகராதிகளிலும் ஆய்வேடுகளிலும் இத்தகைய தொழில்களும் அவற்றுக்குரிய சொற்களும் அறிவும் இடம்பெறுதல் வேண்டும். அவ்வாறன்றி மக்கள் இலக்கியம் பற்றி நாம் பேசுவது முழுமை பெறாது.