கறை ஓரிடம், கசிவு வேறிடம்

காலையில் வண்டியை வெளியே உருட்டியதும், அது நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்தில் கருமையான வட்டம் ஒன்று தென்படுகிறதா? "பழைய வண்டிதானே, சிறிது ஒழுகத்தான் செய்யும்" என்று அதன்மீது மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் புறப்படுவோர் நம்மில் பலர். வேறு சிலரோ உடனே ஸ்பேனரை எடுத்துக் கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் முறுக்கத் தொடங்கிவிடுவர். முதல் தவற்றை நான் மூன்று மாதம் செய்தேன். இரண்டாம் தவற்றை ஒரே மாலையில் செய்தேன்.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலிருந்து நாள்தோறும் என்னை மதரஸாவுக்குச் சுமந்து செல்வது நூறு சி.சி. வண்டி ஒன்று. என்ஜினின் அடியில், பழைய ஆயிலை வடிப்பதற்கென உள்ள டிரெயின் போல்ட்டின் தலையில் எப்போதும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தோடு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையேறி வெள்ளிமலைக்குச் செல்ல வேண்டிய நாள் நெருங்கியது. முந்தைய மாலை ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாய் ஒன்றை மாட்டி, வலிமையெல்லாம் திரட்டி அந்தப் போல்ட்டை முறுக்கினேன். அது இறுகவில்லை, திடீரென்று இலகுவாகச் சுழன்றது. போல்ட் இரும்பு, அது பொருந்தும் இடமோ மென்மையான அலுமினியம். மரை அழிந்துவிட்டது. துளியாக வந்தது தாரையாயிற்று.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முதிய மெக்கானிக் முதலில் ஆயில் அளவைப் பார்க்கும் குச்சியை எடுத்துக் காட்டினார். அதன் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. பிறகு என்ஜினின் முன்பகுதியைத் துணியால் துடைத்துவிட்டு, "ஹஜ்ரத், ஒழுகியது அடியில் இல்லை, இதோ, இந்த டேப்பட் மூடியில். இதிலுள்ள ரப்பர் வளையம் காய்ந்துவிட்டது" என்றார். சில ரூபாய் பெறுமான வளையம் அது. அதை மாற்றியிருந்தால் போதும்; நானோ என்ஜினின் மரையை அழித்துவிட்டு நின்றேன். மூன்று மாதமாக நான் மண் போட்டு மூடியது கறையை மட்டுமன்று, குறைந்துகொண்டே வந்த ஆயிலையும்தான். அந்த நிலையில் மலையேறியிருந்தால், வளைவு ஒன்றில் என்ஜின் பிடித்துக்கொண்டு சக்கரமே நின்றிருக்கக்கூடும்.

துளி ஏன் இடம் மாறுகிறது?

வண்டி ஓடும்போது எதிர்க்காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதன் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. ஆகவே, எங்கே கசிந்தாலும் அது என்ஜினின் மேனி வழியே ஊர்ந்து வந்து, எல்லாவற்றுக்கும் தாழ்வான இடத்தில்தான் துளியாகத் தொங்கும். அந்தத் தாழ்வான இடம் பெரும்பாலும் டிரெயின் போல்ட்டே. பழி அதன்மேல் விழுவது இதனால்தான்.

கசிவின் மூலத்தைக் காண வீட்டிலுள்ள முகப் பவுடரே போதும். என்ஜின் நன்றாக ஆறிய பின், டீசல் தொட்ட தூரிகையால் அழுக்கையும் பிசுக்கையும் நீக்குங்கள். அடுப்பும் பீடியும் குழந்தைகளும் அருகில் வேண்டா. சோப்பு நீரால் கழுவி, உலரத் துடைத்து, ஐயமுள்ள இடங்களில் பவுடரை மெல்லத் தூவுங்கள். சில நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, அல்லது ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு, விளக்கொளியில் பாருங்கள். வெண்மையின் நடுவே ஈரக்கோடு ஒன்று தெரியும். அதன் அடியைப் பாராதீர்கள். அது தொடங்கும் உச்சியைப் பாருங்கள். கசிவு அங்கேதான்.

வீட்டிலே செய்யத்தக்கவை

டிரெயின் போல்ட்டின் வாசர், ஆயில் ஊற்றும் மூடியின் ரப்பர் வளையம், டேப்பட் மூடியின் ரப்பர் வளையம் ஆகிய மூன்றையும் எவரும் மாற்றலாம். வாசர் ஒருமுறை நசுங்கி இடத்தை அடைப்பதற்கென்றே ஆனது. ஆயில் மாற்றும்போதெல்லாம் புதியதைப் போடுவதே முறை. போல்ட்டை முதலில் விரல்களால் திருகுங்கள். கோணலாக ஏறினால் அங்கேயே இடறும். கழற்றி மீண்டும் தொடங்குங்கள். முழுதும் ஏறிய பின் சாதாரண ஸ்பேனரால், ஒரு கையால், இறுகியதை உணரும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். குழாய் மாட்டும் எண்ணமே வேண்டா.

கிளட்ச் மூடியின் பேக்கிங்கைப் பொறுமையுள்ளவர் மாற்றலாம். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழலாகாது. போல்ட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். இரண்டு அரைகளாக அமைந்த என்ஜின் உடலின் இணைப்பிலோ, சிலிண்டர் ஹெட்டின் அடியிலோ கசிந்தால் பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

அளவுக்கு மேல் ஊற்றினாலும் ஆயில் வெளியேற வழி தேடும். நூறு சி.சி. வண்டிகள் பலவற்றில் ஆயிலின் மொத்த அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்துச் சற்றுப் பொறுத்த பின் குச்சியைத் துடைத்து அளவு பாருங்கள். அதை மரையில் திருகியா, திருகாமலா பார்ப்பது என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

புல்லட் தரும் பாடம்

நம் மாநிலத்திலேயே இதற்குப் புகழ்பெற்ற சான்று உண்டு. 1955இல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து சென்னையில் தொடங்கிய நிறுவனம் தந்த புல்லட் வண்டிதான் அது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை வைத்திருந்தவர்களுக்கு ஆயில் கறை பழகிய ஒன்று. அதன் இடப்புறச் செயின் பெட்டியின் மூடியை ஒரே ஒரு நடுநட்டுதான் ரப்பர் பட்டைமேல் அழுத்திப் பிடித்திருக்கும். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் இறுக்கினால், மூடி வளைந்து மேலும் ஒழுகும்! என்ஜினுக்குள் எழும் அழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக்குழாயின் ரப்பர் வால்வு அடைபட்டாலோ, பழுதற்ற இணைப்புகளும் கசியத் தொடங்கும். அங்கே மாற்ற வேண்டியது பேக்கிங் அன்று, அந்தச் சிறு ரப்பரே. பின்னர் என்ஜினையும் கியர் பெட்டியையும் ஒன்றாக அமைத்த புதிய வடிவம் வந்தது. ஆயினும் பழைய புல்லட்டுகள் இன்றும் சாலையில் உள்ளன. அவை கற்பிக்கும் பாடமும் அப்படியே உள்ளது.

கறை யாரைச் சேரும்?

ஆயில் பின்சக்கர டயரிலோ பிரேக்கிலோ படிந்திருந்தால், துடைத்துச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலும் கிணற்றடியிலும் ஊற்றாதீர்கள். 2016ஆம் ஆண்டின் விதிகள் அதை அபாயகரமான கழிவுகளுள் ஒன்றாக வைத்துள்ளன. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். கையுறை அணியுங்கள்; பழைய ஆயில் நெடுநாள் தோலில் படுவது கேடு.

நான் பள்ளிவாசல் முன்பு வண்டியை நிறுத்திய இடத்தில், ஒளூச் செய்துவிட்டு ஈரக்காலோடு வந்த முதியவர் ஒருவர் அந்தக் கறையில் சறுக்கித் தூணைப் பற்றிக்கொண்டார். பாதையிலுள்ள இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். அந்த இடரைப் பாதையில் இட்டவனும் நானே. தூணைப் பற்றிய அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை.

இன்று மாலை உங்கள் வண்டியின் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் துளி இருந்தால் ஸ்பேனரைத் தேடாதீர்கள். முதலில் ஆயிலின் அளவைப் பாருங்கள். அடுத்து வீட்டிலுள்ள பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.