தொங்கும் வயரை எங்கே மறைப்பது?

மரச்சுவர் வீடுகள் – 9

அமெரிக்க வீட்டுச் சுவரின் உள்கூட்டைச் சென்ற வாரம் பார்த்தோம்: வரிசையாக மரச்சட்டங்கள், இரு பக்கமும் ஜிப்சம் பலகை, நடுவே வெற்றிடம். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் வீடு வாங்கும் நம்மவர்கள் அந்தச் சுவரில் பெரிய டிவியை மாட்டியதும், கீழே தொங்கும் வயர் கண்ணை உறுத்தும். மேலே ஓர் ஓட்டை, கீழே ஓர் ஓட்டை போட்டு வயரை உள்ளே இறக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம்.

அங்கே மின்வேலைக்கெல்லாம் அடிப்படை 'நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட்'. 1897-இல் முதலில் வந்தது. இன்று தேசியத் தீத்தடுப்புச் சங்கம் மூன்றாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. மாநிலமோ நகரமோ ஏற்றுக்கொண்டால் அது சட்டம். டிவியோடு வரும் பவர் கார்டு போன்ற வயர்களைச் சுவர் ஓட்டை வழியாக விடக் கூடாது, சுவருக்குள் மறைக்கக் கூடாது என்கிறது அதன் 400.12 பிரிவு.

இதைக் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். பவர் கார்டு வெளியே, கண் பார்வையில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டது. சுவருக்குள் பலகை விளிம்பில் உரசி அதன் உறை கிழிந்தால் யாருக்குத் தெரியும்? நம் ஊரில் செங்கல் சுவரில் காடி வெட்டி, பைப் பதித்து, அதற்குள் வயர் இழுக்கிறோம். பைப் காப்பாற்றும், செங்கல் எரியாது. மரச்சுவரில் பொறி பறந்தால் பற்றிக்கொள்ள மரம் பக்கத்திலேயே இருக்கிறது. புகை அறைக்கு வருவதற்குள் தீ உள்ளுக்குள்ளேயே பரவிவிடும்.

சுவருக்குள் போகத் தகுந்தது, எலக்ட்ரீஷியன்கள் 'ரோமெக்ஸ்' என்று சொல்லும் கெட்டி உறை கேபிள். அதற்கும் பாதுகாப்பு விதி உண்டு. சட்டத்தில் கேபிளுக்குப் போடும் துளை, சட்டத்தின் விளிம்பிலிருந்து 1¼ அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். முடியாவிட்டால் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். பலகையில் அடிக்கும் சாதாரண ஆணிக்கு இந்த இடைவெளி போதும். டிவி பிராக்கெட்டின் போல்ட்டோ பெரும்பாலும் 2½ அங்குல நீளம். அரை அங்குலப் பலகை போக, 2 அங்குலம் சட்டத்துக்குள் இறங்கும். அந்த உயரத்தில் கேபிள் குறுக்கே ஓடினால் நேராக அதைத் துளைக்கும். ஆகவே துளையிடுமுன் சுவருக்குள் மின்கம்பி ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள்.

சரியான வழி, டிவிக்குப் பின்னால் சுவருக்குள் குழிந்த பிளக் பாயின்ட் ஒன்றை வைத்து, ரோமெக்ஸால் இணைப்பது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுக்கு இது சின்ன வேலை. கடையில் இதற்கென்றே 'கிட்'டும் கிடைக்கிறது. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, இடையில் சுவருக்குத் தகுந்த கேபிள். கீழ்ப்பெட்டியைப் பக்கத்து பிளக் பாயின்ட்டில் ஒரு சிறு வயரால் செருகிக்கொள்ளலாம்.

எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சுவருக்குள் விடலாம், உறையில் சி.எல்.2 அல்லது சி.எல்.3 என்று அச்சிட்டிருக்க வேண்டும். தடுப்பு இல்லாத ஒரே பெட்டியில் மின்கம்பியோடு அதைச் சேர்க்கக் கூடாது.

அடுத்த வாரம்: குளியலறை பிளக் பாயின்ட்.