மகனுக்கு மருந்து வாங்க 300 கிலோ மீட்டர்!
சைக்கிளில் பெங்களூர் வந்த தந்தை

பெங்களூர் ஓசூர் சாலையில் 'நிம்ஹான்ஸ்' ஆஸ்பத்திரியைத் தெரியாத தமிழர் யாரும் இருக்க முடியாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்தில் இருந்து இரவு பஸ் ஏறி, அதிகாலையில் வந்து சீட்டுக்கு நிற்பவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஆஸ்பத்திரிக்கு 2021-ம் ஆண்டு மே மாதம் ஒருவர் சைக்கிளில் வந்தார்.

அவர் மைசூர் மாவட்டம் தி.நரசீபுரம் வட்டத்தில் உள்ள ஒரு கிராமத்துக் கூலித் தொழிலாளி. வயது 45. அவருடைய மகனுக்கு நிம்ஹான்சில் பல ஆண்டுகளாகச் சிகிச்சை. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை வந்து, இலவச மருந்தை வாங்கிச் செல்வது வழக்கம்.

அந்த மாதம் கொரோனா இரண்டாவது அலை. கர்நாடகத்தில் ஊரடங்கு. பஸ் இல்லை. மருந்தோ தீரப்போகிறது. உள்ளூரில் தேடினார், கிடைக்கவில்லை. தெரிந்தவர்களிடம் வண்டி கேட்டார், அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டில் இருந்தது சைக்கிள். எடுத்தார், மிதித்தார்!

ஒரு நாள் நின்றால் என்ன?

"ஒரு நாள் மாத்திரை போடாவிட்டால் குடியா மூழ்கிவிடும்?" என்று சிலர் கேட்கலாம். வலிப்பு போன்ற மூளை சம்பந்தப்பட்ட நோய்களில் அப்படித்தான் ஆகிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். விடாமல் வந்தால் உயிருக்கே ஆபத்து. பல ஆண்டுச் சிகிச்சையின் பலன் சில நாளில் போய்விடும். டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவது இதைத்தான்.

வழி எப்படி?

பன்னூர், மளவள்ளி, கனகபுரா வழியாக வந்தார். போக 150, வர 150 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கியர் இல்லாத சாதாரண சைக்கிளில், பழகிய ஆள் மணிக்கு 12 கிலோ மீட்டர் போகலாம். அந்தக் கணக்கில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பன்னிரண்டரை மணி நேரம் மிதிக்க வேண்டும். தண்ணீர் குடிக்க, மூச்சு வாங்க நிற்பது தனி.

காவிரியும் கபிலையும் கூடுகிற ஊர் நரசீபுரம். அங்கிருந்து பன்னூர் வரை வயல்வெளி. கால் வலி தெரியாது. கறிக்குப் பேர்போன பன்னூர் ஆடு இந்த ஊர்தான். மளவள்ளிக்கு அருகில் சிவசமுத்திரம். 1902-ல் அங்கே எடுத்த மின்சாரம்தான் கோலார் தங்கவயலுக்குப் போனது. சுரங்கத்தில் பாடுபட்ட நம் ஆட்களின் பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும்!

மளவள்ளியைத் தாண்டினால்தான் சோதனை. ஹலகூரு, சாத்தனூர், கனகபுரா என்று பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஏற்றமும் இறக்கமுமாகப் போகிறது ரோடு. பெங்களூர் இருப்பது சுமார் 3,000 அடி உயரத்தில். நரசீபுரம் அதைவிட ஏறக்குறைய 900 அடி கீழே. இறக்கத்தில் சேர்த்த வேகம் அடுத்த ஏற்றத்தின் பாதியில் செத்துவிடும். பிறகு இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

மற்ற நாளாக இருந்தால் ஹாரோஹள்ளி, கக்கலிபுராவில் டீக்கடை உண்டு; பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. ஊரடங்கில் டியூப் போனால், மிதித்து வந்த வண்டியை உருட்டிக்கொண்டே வரவேண்டும். வழியில் தடுப்பு போட்டிருந்தால், நின்று காரணம் சொல்ல வேண்டும்.

பனசங்கரியைத் தொட்டு, ஜெயநகரைத் தாண்டினால் நிம்ஹான்ஸ். மருந்து கிடைத்தது. போய் வர மூன்று நாள் ஆயிற்று.

கும்பகோணத்து முதியவர்

இதற்கு ஓர் ஆண்டு முன்பு, 2020 மார்ச் ஊரடங்கில், கும்பகோணம் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் புற்றுநோயால் வாடிய மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்து, புதுச்சேரி 'ஜிப்மர்' ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுமார் 130 கிலோ மீட்டர். அவருக்கு வயது 65.

இரண்டு செய்திகளையும் படித்தவர்கள் "ஆகா, என்ன பாசம்!" என்றார்கள். பாசம் சரி. 150 கிலோ மீட்டருக்கு இந்தப் பக்கம் அந்த மருந்து ஏன் இல்லை என்று கேட்டவர்கள் குறைவு.

மனநோய், வலிப்பு நோய்க்கான மருந்து கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. இதே நிம்ஹான்ஸ் டாக்டர்கள் 1980-களில் பெல்லாரி மாவட்டத்தில் செய்து காட்டியதுதான். அதை மாதிரியாக வைத்தே, 1996-ல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு தகப்பன் சைக்கிள் மிதிக்க வேண்டி வந்தது!

நம்மில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு மருந்துச் சீட்டு உண்டு. இங்கே வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ நிம்ஹான்ஸ் மாத்திரையை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ் நின்ற 2020-ல் அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, பதினைந்து நாள் மருந்து கையிருப்பாக எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். அதே மாத்திரை உங்கள் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் கிடைக்குமா என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த வழியே அவர் திரும்பினார். கையில் மகனுக்கு மருந்து. கனகபுரா வரை வெயிலும் மேடும் அப்படியேதான். பன்னூருக்குப் பிறகு மறுபடியும் வயல்வெளி.