20 வருஷம் வாசல்ல நின்ன கிளை

போன இதழ்ல புதிர்ப் பகுதியில நடந்த குளறுபடி ஞாபகம் இருக்கா? "3-ம் புதிருக்கு விடை: யானை"ன்னு போட்டிருந்தோம். ஆனா 3-ம் புதிர் ஒரு கணக்கு! தமிழ் ஐயாவே நின்னு படிச்சுட்டு சிரிச்சுட்டுப் போனார்.

நடந்தது இதுதான். புதிர் எழுதினது நான், விடை எழுதினது என் பெஞ்சு நண்பன். ரெண்டு பேரும் ஒரே நோட்டைப் பார்த்து ஆளுக்கொரு தாள் எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போனோம். ராத்திரி எனக்கு நல்ல கணக்கு ஒண்ணு கிடைச்சுது, 3-ம் இடத்துல சேர்த்துட்டேன். யானை 4-க்குப் போயிடுச்சு. அவனுக்கு அது தெரியாது. காலையில ரெண்டு தாளையும் ஒட்டினோம், அடித்தல் திருத்தல் எதுவுமில்லாம அழகா பொருந்திச்சு. அதனால யாரும் திரும்பப் படிக்கவே இல்ல.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்களுக்கும் தினமும் இதே தலைவலிதான்னு பிறகுதான் படிச்சேன். அவங்க இதுக்கு 'மெர்ஜ்'னு பேர் வச்சிருக்காங்க. தமிழ்ல இணைப்புன்னு சொல்லலாம்.

ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்னா அதோட மூலநிரலை யார் வேணும்னாலும் பார்க்கலாம், மாத்தலாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல கை வச்சா என்ன ஆகும்? அதனால புதுசா ஒரு வசதி சேர்க்க நினைக்கிறவர் முதன்மை நிரல்லேர்ந்து ஒரு பிரதி பிரிச்சு எடுத்துக்குவார். இதுக்குப் பேர் 'பிராஞ்ச்', அதாவது கிளை. வேலை முடிஞ்சதும் கிளையை மறுபடி தாய்மரத்தோட ஒட்டணும். இதுக்கு இப்ப நிறைய பேர் பயன்படுத்துற கருவி 'கிட்'. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ்தான் 2005-ல இதையும் எழுதினார்.

கிட் எப்படி ஒட்டுது? மூணு பிரதியை வச்சுப் பார்க்குது. கிளை பிரிஞ்ச அன்னைக்கு இருந்த பழைய பிரதி ஒண்ணு, இன்னைக்கு முதன்மை நிரல் எப்படி இருக்குங்கறது ஒண்ணு, இன்னைக்குக் கிளை எப்படி இருக்குங்கறது ஒண்ணு. பழசை ஒப்பிட்டா யார் எந்த வரியை மாத்தினாங்கன்னு தெரிஞ்சிடும். வேற வேற இடத்துல மாத்தியிருந்தா ரெண்டையும் தானே சேர்த்துடும். ஒரே வரியை ரெண்டு பேரும் வேற வேற மாதிரி மாத்தியிருந்தா, "இதுல எது வேணும், நீங்களே சொல்லுங்க"ன்னு நின்னுடும். இதைத்தான் 'கான்ஃப்ளிக்ட்'னு சொல்றாங்க.

கிட் நின்னு கேட்டா பயமில்ல, நாம உட்கார்ந்து சரி பண்ணிடலாம். கேட்காமலே ஒட்டிடுச்சே, அதுதான் ஆபத்து! எங்க யானை மாதிரி. கிட்டுக்கு வரிகள் தெரியும், அர்த்தம் தெரியாது.

இப்ப பெரிய கதைக்கு வர்றேன். லினக்ஸ் கெர்னல்ங்கறது 3 கோடி வரிகளுக்கு மேல இருக்கிற நிரல். ஆண்ட்ராய்டு போனுக்குள்ள ஓடுறதும் அதுதான். இதுல சேரணும்னு ஒரு கிளை 2004-லேர்ந்து 2024 வரைக்கும் வாசல்லயே நின்னுச்சு. நாம பிறக்கிறதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலை! பேர் 'ப்ரீயெம்ப்ட் ஆர்டி'. சுருக்கமா ஆர்டி, அதாவது 'ரியல் டைம்'. (சரியாச் சொன்னா ரொம்ப காலம் இது பேட்ச்னு சொல்ற திருத்தங்களோட ஒரு பெரிய கட்டு. வேலை ஒண்ணுதான்.)

ரியல் டைம்னா வேகம்னு நினைச்சுடாதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். சொன்ன நேரத்துக்குத் தவறாம நடக்கணும், அவ்வளவுதான். லேசரால இரும்பை ஒட்டுற மெஷின் இருக்கு. லேசரை அணைக்கிற உத்தரவு கொஞ்சம் லேட்டா வந்தாலும் இரும்புல ஓட்டை விழுந்துடும். சாதாரண லினக்ஸ் சராசரியா வேகமாத்தான் இருக்கும். ஆனா கெர்னலுக்குள்ள ஒரு வேலை பூட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டா, வெளியே எவ்வளவு அவசரமான வேலை வந்தாலும் காத்துக்கிட்டே நிக்கணும். அந்த மாதிரி பூட்டுகள்ல பெரும்பாலானதை மாத்தி, "அவசரக்காரர் வந்தா நீ கொஞ்சம் ஒதுங்கு"ன்னு சொல்ற மாதிரி செய்யறதுதான் ஆர்டியோட வேலை. இங்கோ மோல்னார் 2004-ல தொடங்கினார். தாமஸ் கிளைக்ஸ்னர், ஸ்டீவன் ரோஸ்டெட்னு பலர் சேர்ந்து இழுத்துட்டுப் போனாங்க.

அப்படியே மொத்தமா ஒட்டிட வேண்டியதுதானே? முடியாது. பூட்டு கெர்னல் முழுக்க இருக்கு. ஒரே நாள்ல மாத்தினா உலகத்துல இருக்கிற எல்லா சர்வரும் ஆட்டம் காணும். லினஸ் சம்மதிப்பாரா?

அதே நேரத்துல வெளியே நிக்கிறதும் சுலபமில்ல. கெர்னல் ஏறக்குறைய 9, 10 வாரத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். ஒவ்வொரு தடவையும் இவங்க தங்களோட கட்டை எடுத்து, புது நிரல் மேல மறுபடி பொருத்திப் பார்க்கணும். இடையில யாரோ ஒருத்தர், ஆர்டின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாம, ஏதோ ஒரு டிரைவர்ல பூட்டை வேற மாதிரி எழுதியிருப்பார். சாதாரண லினக்ஸ்ல அது ஜம்முனு ஓடும், ஆர்டியில விழுந்துடும். யானை கதைதான்! அவர் மேல தப்பு சொல்லவும் முடியாது. ஓடிக்கிட்டிருக்கிற டவுன் பஸ்ஸோட டயரை மாத்துற மாதிரி 20 வருஷம். 2014 வாக்குல பணம் கொடுக்க ஆளில்லாம வேலை ரொம்பத் தொய்ஞ்சு போச்சு. 2015-ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் இதுக்குன்னே தனித் திட்டம் வச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு.

அவங்க செஞ்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கட்டைப் பிரிச்சாங்க. எது எது மத்தவங்களுக்கும் உபயோகப்படுமோ அதை மட்டும் துண்டு துண்டா எடுத்து, ஒவ்வொண்ணா உள்ளே அனுப்பினாங்க. நேரத்தை நுணுக்கமா அளக்கிற டைமர் 2006-ல போச்சு. கெர்னலுக்குள்ள என்ன நடக்குதுன்னு காட்டுற 'எஃப்ட்ரேஸ்' 2008-ல போச்சு. இன்டரப்ட் வேலைகளைத் தனித் திரியா நடத்துற வசதி 2009-ல. பூட்டுகளோட முக்கியப் பகுதி 2021-ல. ஆர்டியே வேண்டாம்னு சொல்றவங்களும் இதையெல்லாம் பயன்படுத்தினாங்க. வெளியே இருந்த கட்டு மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு.

கடைசியில மாட்டிக்கிட்டது எது தெரியுமா? 'பிரிண்ட்கே'. கெர்னல் தன்னோட செய்திகளைத் திரையில எழுதுற சாதாரண வேலை! ஆரம்ப காலத்துலேர்ந்து இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்க: 9600 வேகத்துல ஓடுற சீரியல் கேபிள்ல ஒரு எழுத்துக்கு 10 பிட்னா, ஒரு செகண்டுக்கு 960 எழுத்து. 80 எழுத்து இருக்கிற ஒரு வரியை அனுப்ப செகண்டுல 12-ல ஒரு பங்கு. லேசர் மெஷினுக்கு அது ஒரு யுகம்! "அப்புறமா எழுதிக்கோ"ன்னு தள்ளிப் போடலாமேன்னா, கெர்னல் நொறுங்கி விழற நேரத்துல கடைசியா சொல்ற வார்த்தைதான் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும். தள்ளிப் போட்டா அது வெளியவே வராது. காக்கவும் கூடாது, தொலையவும் கூடாது. ஜான் ஓக்னஸும் மத்தவங்களும் இதைப் பிரிச்சு மேய்ஞ்சு திரும்பக் கட்ட பல வருஷம் ஆச்சு. பெரிய பூட்டையெல்லாம் தாண்டி வந்தவங்களை ஒரு வரி எழுதற வேலை நிறுத்தி வச்சிருந்தது வேடிக்கைதான்.

2024 செப்டம்பர் 15-ம் தேதி 6.11 பதிப்பு வெளிவந்துச்சு. ஒரு பதிப்பு வந்ததும் ரெண்டு வாரம் மட்டும் புது வசதிகளுக்குக் கதவு திறந்திருக்கும். அப்புறம் மூடிட்டு, வாராவாரம் பிழை திருத்தம்தான். அந்த ரெண்டு வாரத்துல கெர்னல்காரங்க வியன்னா நகரத்துல கூடியிருந்தாங்க. கிளைக்ஸ்னர் இணைப்பு வேண்டுகோளைத் தாள்ல அச்சடிச்சு, தங்க நிறக் காகிதம் சுத்தி, ரிப்பன் கட்டி, பிறந்தநாள் பரிசு மாதிரி லினஸ் கையில கொடுத்தார்! தாளை கம்ப்யூட்டருக்குள்ள திணிக்க முடியாதே, செப்டம்பர் 20 அன்னைக்கு கிட் வழியா முறைப்படி இணைச்சார் லினஸ்.

அந்தக் கடைசி இணைப்புல எத்தனை வரி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? ஆயிரமா, லட்சமா? ஒரு சில வரிகள்தான். மூணு வகை பிராசசருக்கு 'ஆர்டியை இயக்கலாம்'னு அனுமதி கொடுக்கிற வரிகள். மத்ததுல பெரும்பாலானது ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருந்துச்சு.

2024 நவம்பர் 17-ல வந்த 6.12 பதிப்புல ஆர்டி இருக்கு. அதனால வேலை தீர்ந்துடல, யார் தலையில விழுதுங்கறது மட்டும் மாறியிருக்கு. முன்னாடி யாராவது மாத்தி ஆர்டி உடைஞ்சா, வெளியே நின்னவங்க ராத்திரி முழிச்சிருந்து சரி பண்ணணும். உள்ளே வந்த பிறகு, உடைச்சவர்கிட்டயே போய் "உங்க மாற்றத்தால இது விழுது, பாருங்க"ன்னு உரிமையோட சொல்லலாம்.

(இந்த இதழ் புதிர் விடைகளை என் நண்பன் ரெண்டு தடவை சரிபார்த்துட்டான். யானை 4-ல இருக்கு.)