முற்று வந்த பின்னும் முடியாத வாக்கியம்



சில ஆண்டுகளுக்கு முன், நெகிரி செம்பிலானில் பால்மரம் சீவும் தந்தையார் ஒருவருக்கு ஆங்கிலக் கடிதமொன்று வந்தது. "யூ வில் பி பெய்ட் இஃப் யூ சைன் திஸ் ஃபாரம் பிஃபோர் ஃபிரைடே" என்பது அதன் முக்கிய வரி. நம் மாணவனாகிய அவருடைய மகன் முதல் நான்கு சொற்களைப் படித்துவிட்டு, "அப்பா, பணம் கொடுப்பார்களாம்" என்று மகிழ்ந்தான். கடிதம் பெட்டிக்குள் போயிற்று. வெள்ளிக்கிழமையும் கடந்து போயிற்று. சிறுவனைக் குறை கூறோம். வாக்கியத்தைப் பகுத்துப் பார்க்கும் முறையை நாம் அவனுக்குச் சரிவரக் கற்பிக்கவில்லை.

ஆங்கில வாக்கியங்கள் அமைப்பினால் மூவகைப்படும். "அப்பா மரம் சீவினார்" என்பது போல ஒரே கருத்தை முடித்துக் கூறுவது தனி வாக்கியம். "அப்பா மரம் சீவினார், அம்மா பால் சேகரித்தார்" என்பது போலத் தனித்து நிற்கவல்ல இரண்டு இணைவது கூட்டு வாக்கியம். ஆங்கிலத்தில் இவற்றை 'ஆண்ட்', 'பட்' முதலிய சொற்கள் இணைக்கும். தனித்து நிற்கவல்ல முதன்மை வாக்கியத்தோடு, தனித்து நிற்க இயலாத சார்பு வாக்கியம் சேர்ந்தால் அது கலவை வாக்கியம். அக்கடிதத்தின் வரி இவ்வகையினதே. "யூ வில் பி பெய்ட்" என்பது முதன்மை. 'இஃப்' முதல் இறுதிவரை உள்ளது சார்பு.

சிறுவன் ஏன் இடையில் நிறுத்தினான்? தமிழில் இதனை, "வெள்ளிக்கிழமைக்கு முன் கையொப்பமிட்டால் பணம் கொடுக்கப்படும்" என்போம். நிபந்தனை முன்னே வரும். வினைமுற்று இறுதியில் வரும். முற்று வந்தால் வாக்கியம் முடிந்தது என்பது நம் செவிக்குப் பழகிய வழக்கம். ஆங்கிலத்திலோ முற்று வந்த பின்னும் நிபந்தனை காத்திருக்கலாம்.

ஆயினும் தமிழிலக்கணம் அறிந்தவர்க்கு இது கடினமன்று. ஆங்கிலம் 'இஃப்', 'வென்', 'பிகாஸ்' என்னும் சொற்களால் உணர்த்துவதை நாம் பெரும்பாலும் 'பெய்தால்', 'பெய்தபோது', 'பெய்ததால்' என வினையின் வடிவாலேயே உணர்த்துகிறோம். "நேற்று வந்த சிறுவன்" என்பதில் 'வந்த' என்பது பெயரெச்சம். அது பெயருக்கு முன் நிற்கும். ஆங்கிலத்தில் 'ஹூ', மலாயில் 'யாங்' என்னும் சொற்களைக் கொண்டு இதே பொருள் பெயருக்குப் பின் வரும். திராவிட மொழிகளின் இத்தன்மையைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலிலும் விளக்கியுள்ளார்.

ஆகவே மாணவர்களே, ஆங்கில வாக்கியத்தைப் படிக்கும்போது முதலில் முற்றுப்புள்ளிவரை செல்லுங்கள். அடுத்து, எழுவாயோடு கூடிய வினைகள் எத்தனை என எண்ணுங்கள். பின்னர் இணைப்புச் சொல்லைக் கண்டு அதன்கீழ்க் கோடிடுங்கள். இறுதியாக, முழுவதையும் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

பெற்றோர்களே, ஆங்கிலம் அறியாவிடினும் தாங்களும் உதவலாம். பிள்ளை கடிதம் படித்துக் காட்டும்போது, "எப்போது? எதனால்? என்ன செய்தால்?" என மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவற்றுக்கு விடை தேடும் பிள்ளை பாதியில் நிறுத்த மாட்டான். தமிழைச் செம்மையாகக் கற்பது ஆங்கிலத்துக்குத் தடையன்று, அதுவே ஏணியாகும்.